கொல்லையில் பீரங்கி கிடைத்தால் என்ன செய்வீர்கள்? பழைய இரும்பைக் காப்பாற்றும் வழிகள்!

பழைய கார், பழைய புல்லட், பழைய ரேடியோ என்று வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் பழுது பார்ப்பவர்களைப் பார்த்திருப்போம். வெளிநாடுகளில் சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், பழைய பீரங்கியையே வீட்டு ஷெட்டில் வைத்துப் புதுப்பிக்கிறார்கள். நம் ஊரில் இது சாத்தியமா?

அரியலூர் மாவட்டம் ஏலாக்குறிச்சி என்றதும் அடைக்கல மாதா ஆலயமும், வீரமாமுனிவரும்தான் நினைவுக்கு வருவார்கள். ஆனால், கொள்ளிடத்தின் இரு கரைகளும் பீரங்கிச் சத்தம் கேட்ட பூமிதான். 1765-ல் ஆற்காடு நவாபின் படை அரியலூர், உடையார்பாளையம் பாளையங்களைக் கைப்பற்றியது. தென்கரையில் தஞ்சாவூர் பீரங்கி மேட்டில், ரகுநாத நாயக்கர் காலத்து 'ராஜகோபால பீரங்கி' இன்றும் இருக்கிறது.

வண்டிச் சக்கர டெக்னிக்!

சுமார் 26 அடி நீளம், சுமார் 22 டன் எடை. இவ்வளவு பெரிய பீரங்கியை அச்சில் வார்க்கவில்லை; அடித்தே செய்திருக்கிறார்கள். நீளமான இரும்புப் பட்டைகளை வட்டமாக அடுக்கிக் குழாய் ஆக்கி, அதன்மேல் பழுக்கக் காய்ச்சிய வளையங்களை வரிசையாக மாட்டினார்கள். ஆறும்போது வளையம் சுருங்கி, பட்டைகளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடும் அதே வித்தைதான். கான்பூர் ஐ.ஐ.டி பேராசிரியர் ஆர்.பாலசுப்ரமணியம் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

வீட்டில் வைக்கலாமா?

1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி பீரங்கியும் துப்பாக்கி வகைதான். பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் உள்ள பழங்கால ஆயுதங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதாவது அலங்காரமாக வைக்கலாம். சுடும் நிலைக்குக் கொண்டுவர நினைத்தால் சிக்கல்தான்.

கிணறு வெட்டும்போதோ, அஸ்திவாரம் தோண்டும்போதோ கிடைத்தால் கதையே வேறு. 1878-ம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தகவல் தர வேண்டும். வி.ஏ.ஓ அல்லது தாசில்தாரிடம் சொன்னால் வழிகாட்டுவார்கள். 100 ஆண்டுகளைத் தாண்டியது என்றால் 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும் சேர்ந்துகொள்ளும். பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டால், போனது ஓர் ஊரின் வரலாறு!

உள்ளே மருந்து இருக்கலாம்... ஜாக்கிரதை!

2013 ஜனவரியில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஒரு பழைய பீரங்கியைச் சுத்தம் செய்தபோது, உள்ளே குண்டும் சுமார் 800 கிராம் வெடிமருந்தும் இருந்தன. பல ஆண்டுகள் மக்கள் பார்வையில் இருந்த பீரங்கி அது! அதனால் வாய்க்குள் கம்பி விட்டுக் குத்துவது, வெல்டிங் வைப்பது, நெருப்பு மூட்டுவது எதுவும் கூடாது. முதலில் போலீஸ், பிறகுதான் பிரஷ்.

துருவை எப்படிச் சமாளிப்பது?

பாதுகாப்பானது என்று உறுதியான பிறகு, தொல்லியல் துறையின் ஆலோசனையோடு செய்ய வேண்டியவை இவை:

* உதிரும் துருவை மட்டும் பிரஷ்ஷால் நீக்க வேண்டும். கிரைண்டர் வைத்துப் பளபளப்பாக்கினால் சம்மட்டித் தடமும் எழுத்துகளும் அழிந்துபோகும்.
* டானிக் அமிலக் கரைசல் பூசினால், மிச்சத் துரு கறுப்பான படலமாக மாறும். நன்றாகக் காய்ந்த பிறகு மேலே மெழுகுப் பூச்சு. தடிமனான பெயின்ட் வேண்டாம்; உள்ளே ஈரம் தங்கினால் வெளியே தெரியாமலே அரிக்கும்.
* தரையில் படாமல் மேடையில் ஏற்றி, வாய் சற்றுக் கீழே சாய்ந்திருக்கும்படி வைத்தால் மழைநீர் தேங்காது.
* கடலில் கிடைத்த பீரங்கி என்றால் கை வைக்கவே வேண்டாம். உப்பேறிய இரும்பு காய்ந்ததும் வெடித்து உதிரும். அது ஆய்வுக்கூட வேலை.

நிஜ பீரங்கிக்கு வழியில்லையா? லீவில் குழந்தைகளோடு பீரங்கி மேட்டுக்குப் போய் அளவெடுத்து வந்து, மரத்திலோ அட்டையிலோ குட்டி ராஜகோபாலனைச் செய்து பாருங்கள். இரும்பு வளையங்களை ஒவ்வொன்றாக மாட்டும்போதுதான், அந்தக் காலக் கொல்லர்களின் உழைப்பு புரியும்!