தோலில் அமையும் முகம்: உருவப்படப் பச்சை குத்துதலில் நிழலும் ஒப்புமையும்

ஆய்வுச்சுருக்கம்

ஒருவரின் முகத்தைப் புகைப்படத்தில் உள்ளவாறே தோலில் பதிக்கும் முறை உருவப்படப் பச்சை குத்துதல் எனப்படும். மரபான பச்சை குத்துதல் கோட்டைச் சார்ந்தது; உருவப்படமோ நிழலைச் சார்ந்தது. இவ்வேறுபாட்டால் தோலின் இயல்பு, நிறம், முதுமை ஆகியன முக ஒப்புமையை நேரடியாகப் பாதிக்கின்றன. மாநிறத் தோலில் ஒப்புமை எவ்வாறு உருவாகிறது, எவற்றால் குலைகிறது, ஊசி படுவதற்கு முன்னரே தீர்மானிக்க வேண்டியவை எவை என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பச்சை குத்துதல், உருவப்படம், நிழல், மாநிறத் தோல், நினைவு.

முன்னுரை

மறைந்த தாய் தந்தையரின் முகத்தைக் கையிலோ மார்பிலோ பதித்துக்கொள்வோரை இன்று தமிழக நகரங்களில் பரவலாகக் காணலாம். சுவரில் மாலையிட்டு மாட்டப்பெறும் படத்தின் பணியை இங்கு உடலே ஏற்கிறது. பெயரைப் பச்சை குத்தும்போது எழுத்து சற்றுத் தடித்தாலும் பெயர் மாறுவதில்லை. முகத்தில் அவ்வாறன்று. இமையின் கீழ் விழும் நிழல் ஒரு மில்லிமீட்டர் தவறினும் அம்முகம் வேறொருவருடையதாகிவிடும். துயரத்தில் இருப்பவர் அந்த அயல் முகத்தை வாழ்நாள் முழுதும் சுமக்க நேரும். எனவே இம்முறையின் இயல்பை அறிவது அழகியல் சார்ந்த தேவை மட்டுமன்று.

கோடும் நிழலும்

தமிழகத்தில் பச்சை குத்தும் தொழிலைக் குறவர் சமூகப் பெண்கள் மேற்கொண்டிருந்தமையை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள், பழங்குடிகள் பற்றிய தொகுதிகளில் பதிவு செய்துள்ளார். கோலம், தேள், புள்ளிகள், பெயர் முதலியன அம்மரபின் வடிவங்கள். இவையனைத்தும் கோட்டாலும் புள்ளியாலும் அமைந்தவை. தேளின் கோடு தடித்தாலும் தேள் தேளாகவே நிற்கும். அம்மரபு தோலின் இயல்புக்கு இசைந்தது எனலாம்.

உருவப்படத்தில் கோட்டிற்கு இடம் மிகக் குறைவு. மூக்கின் ஓரத்தில் இயற்கையில் கோடு கிடையாது. ஒளி குறைந்து நிழல் மிகும் இடமே உண்டு. அதனைக் கோடாக இட்டால் கேலிச்சித்திரச் சாயல் வந்துவிடும். ஆகவே கறுப்பு மையை வெவ்வேறு அளவில் நீர்த்துப் பெறும் சாம்பல் நிறப் படிநிலைகளால் முகம் கட்டப்படுகிறது.

இம்முறை அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வளர்ந்தது. அங்குள்ள சிறைகளில் மெக்சிக்க வழியினரான கைதிகள் கிடைத்த கறுப்பு மையையும் ஒற்றை ஊசியையும் கொண்டு மெல்லிய நிழல்களை உருவாக்கினர். சிறு மோட்டார்களையும் கிட்டார் கம்பியையும் இணைத்துக் கருவியமைத்தனர். 1975இல் கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் சார்லி கார்ட்ரைட்டும் ஜாக் ரூடியும் தொடங்கிய கடை இவ்வொற்றை ஊசி முறையைத் தொழில்முறைக் கலையாக வளர்த்தது. பின்னர் அங்குச் சேர்ந்த ஃபிரெடி நெக்ரெட்டே சிறையில் இக்கலையைப் பயின்றவர். வண்ண மை கிட்டாத நெருக்கடியே நிழலின் நுட்பத்தை வளர்த்தது என்பது இவ்வரலாற்றால் புலனாகிறது.

தோலும் மையும்

மை தங்குமிடம் மேல்தோலன்று. அதன் கீழுள்ள உள்தோல். ஊசி ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழம் செல்கிறது. மேல்தோல் சில வாரங்களில் புதுப்பிக்கப்படுவதால் அங்குப் படிந்த மை உதிர்ந்துவிடும். உள்தோலில் படிந்த துகள்களை மேக்ரோபேஜ் எனப்படும் விழுங்கு செல்கள் உட்கொள்கின்றன. அச்செல்கள் இறக்கும்போது வெளிப்படும் துகள்களைப் புதிய செல்கள் மீண்டும் பற்றுகின்றன என்பதைப் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் எலிகளில் நிகழ்த்தி 2018இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. எனவே பச்சை என்பது காகிதத்தில் உலர்ந்த மை போன்றதன்று. உயிருள்ள செல்கள் தாங்கி நிற்கும் மை. ஆண்டுகள் செல்லச் செல்ல விளிம்புகள் மெல்லப் பரவுகின்றன. சூரிய ஒளியால் நிறம் மங்குகிறது.

உள்ளே கறுப்பாக இருக்கும் மை வெளியே நீலங்கலந்த பச்சையாகத் தோன்றுவதற்கும் தோலே காரணம். மையின் மீதுள்ள தோலடுக்குகளில் நீல ஒளி மிகுதியாகச் சிதறுகிறது. ‘பச்சை’ என்னும் பெயரும் இத்தோற்றத்திற்குப் பொருந்தி நிற்கிறது.

மாநிறத் தோலில் ஒளி

தோலுக்கு நிறந்தரும் மெலனின் மேல்தோலில் உள்ளது. மை அதற்குக் கீழே உள்ளது. ஆகவே பச்சையை நாம் தோலின் நிறத்தின் ஊடாகவே காண்கிறோம். வெளிர் தோலில் தெளிவாகத் தெரியும் மென்சாம்பல் நிழல்கள் மாநிறத் தோலில் கரைந்துபோகும். வெள்ளை மையும் ஆறியபின் தோல் நிறத்தால் மூடப்பட்டு மங்கும்.

இதனால் மாநிறத் தோலில் முகத்தின் உச்ச ஒளி என்பது மை படாத தோலே. நெற்றி, மூக்குத்தண்டு, கன்னமேடு ஆகிய இடங்களைத் தொடாமல் விடுவதே அவற்றை வரைவதாகும். இடைநிழல்களின் எண்ணிக்கையைக் குறைத்து, அடர்நிழலுக்கும் வெற்றுத் தோலுக்கும் இடையிலான வேறுபாட்டைக் கூட்ட வேண்டும். வெளிர் தோலில் செய்யப்பட்ட மாதிரியை அப்படியே பின்பற்றும்போது முகம் முழுதும் ஒரே கருமையாகிவிடுகிறது. இக்குறை தோலால் வருவதன்று. தோலைக் கருதாத திட்டமிடலால் வருவது.

முன்னரே தீர்மானிக்க வேண்டியவை

முதலாவது, புகைப்படம். மறைந்தோரின் படமாகப் பெரும்பாலும் கிடைப்பது அடையாள அட்டைக்கு எடுக்கப்பட்ட சிறு படம். நேர் எதிரே விழும் ஒளியால் அதில் முகத்தின் மேடுபள்ளங்கள் தட்டையாகிவிடும். பெரிதாக்கினாலும் இல்லாத விவரம் தோன்றாது. குறைந்ததைக் கலைஞர் தம் ஊகத்தால் நிரப்புவார். அவ்வூகத்தில்தான் அயல் முகம் நுழைகிறது. சன்னலோரம் போன்ற பக்கவொளியில் எடுக்கப்பட்ட படம், முகபாவம் எளியதாயினும், மேலானது.

இரண்டாவது, அளவு. விளிம்புகள் பரவும் என்பதால் கண், உதடு ஆகியவற்றுக்கிடையே போதிய இடம் வேண்டும். உள்ளங்கையினும் சிறிய முகத்தில் கண்ணின் கருவிழியும் இமையும் காலப்போக்கில் ஒன்றிவிட வாய்ப்புண்டு.

மூன்றாவது, இடம். முழங்கை முதலிய மூட்டுகளில் தோல் ஓயாமல் மடங்குகிறது. முன்கை திரும்பும்போது தோலும் திரும்புவதால், கை இயல்பாகத் தொங்கும் நிலையில் ஸ்டென்சில் தாளைப் பதித்துப் பார்க்க வேண்டும். படுத்த நிலையில் நேராகப் பதித்த முகம் எழுந்து நின்றபின் கோணலாகலாம்.

நான்காவது, நிழலின் வரிசை. மையைக் கூட்டலாம், குறைக்க இயலாது. மிகையான கருமையை நீக்க லேசர் சிகிச்சையே வழி. அதற்கும் பல அமர்வுகள் தேவை. எனவே மென்மையாகத் தொடங்கி, புண் ஆறியபின் தேவையான இடங்களில் அடர்த்தியைக் கூட்டுவதே பாதுகாப்பானது. பக்கு உதிர்ந்து தோல் அமைதியடையச் சில வாரங்களாகும். அதற்கு முன் ஒப்புமையை மதிப்பிடுதல் தகாது.

முடிவுரை

புகைப்படம் ஒரு கணத்தை நிறுத்துகிறது; தோலால் அது இயலாது. பதித்துக்கொண்டவர் முதுமையடையும்போது பதிந்த முகமும் உடன் மங்கும். ஆகவே உருவப்படப் பச்சையின் தரத்தைக் குத்தி முடித்த அன்று எடுக்கும் படத்தைக் கொண்டு அளவிடுவது பொருந்தாது. பரவலுக்கும் மங்கலுக்கும் பின்னரும் அது இன்னார் முகம் என்று அறியத்தக்கதாக நிற்கிறதா என்பதே அளவுகோல். நல்ல படம், போதிய அளவு, ஏற்ற இடம், தொடாமல் விடப்பட்ட ஒளி ஆகிய நான்கும் அதனை உறுதிசெய்வன. இவற்றுள் மூன்றை இழப்பிற்குள்ளானவரே முன்கூட்டி ஆராய இயலும் என்பதால், துயரம் புதிதாக உள்ள நாளில் முடிவெடுக்காது சிறிது காலம் பொறுத்தல் நன்று.