ஒரே குட்டையில் எந்தெந்த மீன்கள் ஒத்து வாழும்?

கண்ணாடித் தொட்டியில் அழகு மீன் வளர்ப்பவர்கூட, எந்த மீன் எதனுடன் ஒத்துப்போகும் என்று கேட்டுத்தான் வாங்குகிறார். பண்ணைக்குட்டையில் மீன் விடும் நம் விவசாயிகள் பலர் இதைக் கேட்பதில்லை. கிடைத்த குஞ்சை வாங்கி விட்டுவிடுகின்றனர். அறுவடையில் ஏமாற்றம் ஏற்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணமாகும்.

திருப்புட்குழி, பாலுசெட்டிசத்திரம் சுற்றுவட்டாரத்தில் வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும் குட்டைகளில் சுமார் ஏழு, எட்டு மாதங்கள் தண்ணீர் நிற்குமானால், கூட்டு மீன் வளர்ப்பு செய்யலாம். இனத் தேர்வில் மூன்று விதிகளை மனதில் கொள்ளவேண்டும். ஒன்றை ஒன்று தின்னக்கூடாது. ஒரே தீனிக்குப் போட்டியிடக்கூடாது. குட்டையிலேயே அளவுக்கு மீறிப் பெருகக்கூடாது.

இம்மூன்றுக்கும் ஏற்றவை கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய பெருங்கெண்டைகள். கட்லா மேல்மட்டத்தில் நீந்தி, நீரிலுள்ள நுண்ணிய விலங்கினங்களை உண்ணும். ரோகு நடுமட்டத்தில் மேயும். மிர்கால் அடிமட்டத்தில் மக்கிய பொருள்களைத் தின்னும். இவை ஆற்று மீன்கள். தேங்கிய குட்டை நீரில் இனப்பெருக்கம் செய்யா. எனவே நாம் விட்ட எண்ணிக்கைக்கு மேல் கூடாது. முன்பு இவற்றின் குஞ்சுகளுக்கு ஆறுகளையே நம்பியிருந்தோம். 1957-ஆம் ஆண்டு கட்டாக்கில் டாக்டர் ஹீராலால் சௌத்ரி ஊசி மூலம் கெண்டைகளை முட்டையிடச் செய்து வெற்றி கண்ட பின்னரே, பண்ணைகளில் குஞ்சு உற்பத்தி பெருகிற்று.

1959-இல் நம் நாட்டிற்குக் கொண்டுவரப்பட்ட வெள்ளிக் கெண்டையும் புல் கெண்டையும் பலருக்குத் தெரிந்தவை. வெள்ளிக் கெண்டை மேல்மட்டத்தில் கட்லாவுடன் போட்டியிட்டு அதன் வளர்ச்சியைக் குறைக்கும். ஆகவே சிறு குட்டையில் இரண்டில் ஒன்றே போதும். சந்தையில் கட்லாவுக்கே மதிப்பு அதிகம். நீர்ச்செடிகள் மண்டியிருந்தால் மட்டும் புல் கெண்டை விடலாம். சாதாக் கெண்டை அடிமட்டத்தில் மிர்காலுடன் போட்டியிடும். கரையைக் கிளறிச் சரியச் செய்யும். மண் கரையுள்ள குட்டைக்கு அது வேண்டாம்.

விடக்கூடாத மீன்கள்

விரால், வாளை ஆகியவை குஞ்சுகளை விழுங்கிவிடும். விராலுக்கு நல்ல விலை கிடைக்கிறதே என்று அதையும் சேர்த்து விட்டால், கடன்பட்டு வாங்கிய கெண்டைக் குஞ்சுகள் அதன் வயிற்றுக்குத்தான் போகும். விரால் வேண்டுமானால் தனிக் குட்டையில் வளர்க்கவேண்டும். ஜிலேபிக் கெண்டை குட்டையிலேயே ஓயாமல் பெருகி, தீனியைப் பங்குபோட்டு, எல்லா மீனையும் சிறுத்துப்போகச் செய்யும். ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்ப்பதற்கு அரசு தடை விதித்துள்ளது. வெள்ளத்தில் அது ஏரிக்குத் தப்பினால் ஊர் மீன்வளமே பாழாகும்.

10 சென்ட் குட்டைக்கு அளவு

கோடையில் குட்டையை நன்கு காயவிட்டு, சேற்றில் பதுங்கியுள்ள விராலை அகற்றவேண்டும். 8 முதல் 10 கிலோ சுண்ணாம்பு தூவவேண்டும். நீர் நிரம்பிய பின் 100 கிலோ சாணம் இட்டு, ஒரு வாரம் முதல் பத்து நாள் கழித்துக் குஞ்சு விடலாம். நீர் வரும் வாய்க்காலிலும் வழியும் இடத்திலும் நெருக்கமான வலை கட்டுவது அவசியம்.

சென்டுக்கு 20 வீதம் 200 குஞ்சுகள் போதுமானவை: கட்லா 80, ரோகு 60, மிர்கால் 60. செடி மண்டிய குட்டையாயின் கட்லா 70, ரோகு 60, மிர்கால் 50, புல் கெண்டை 20. நமக்குத் தண்ணீர் நிற்கும் காலம் குறைவு. ஆகவே பொடிக் குஞ்சு வாங்காமல், நான்கு அங்குல நீளமுள்ள விரலிகளாகவே வாங்குவது நல்லது. குஞ்சுப் பையைக் குட்டை நீரில் கால் மணி நேரம் மிதக்கவிட்டுப் பின்னர் திறந்துவிடவேண்டும்.

தவிடும் கடலைப் புண்ணாக்கும் சம அளவில் கலந்து, மீன்களின் மொத்த எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு தினமும் கொடுக்கவேண்டும். சராசரி 100 கிராம் உள்ள 200 மீன்களுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் என்பது கணக்கு. புல் கெண்டைக்குத் தனியே பசும்புல் போடலாம். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்தால், சாணத்தையும் தீனியையும் உடனே நிறுத்திப் புது நீர் பாய்ச்சவேண்டும்.

நீர் மூன்றடிக்குக் கீழே இறங்குமுன் அறுவடையை முடித்துவிடவேண்டும். குஞ்சுகளை அரசு மீன் விதைப் பண்ணையிலோ நம்பகமான பண்ணையிலோ வாங்குங்கள். பையில் வேற்றினம் கலந்திருக்கிறதா என்று கரையிலேயே பார்த்துவிடுங்கள். குட்டையில் விட்ட பிறகு பிரித்தெடுப்பது எளிதன்று.