தொடை விறைத்தால் வாதமா?

"தொடை விறைக்குது, வாதம் வரப்போகுதோ?" எங்கள் ஊர்களில் பல பெண்கள் இரகசியமாய்ப் பயப்படும் விடயம் இது.

தொடையின் வெளிப்பக்கத்தில் மட்டும் ஓரிடம் மரத்துக் கிடக்கும். சிலருக்கு மிளகாய் பூசியதுபோல் எரியும். சேலை உரசினாலும் பொறுக்காது. எக்ஸ்றேயில் ஒன்றும் தெரியாது. வீட்டிலோ "வேலைக் கள்ளம்" என்பார்கள்.

கள்ளமல்ல. அந்தத் தோலுக்கு உணர்வு தரும் நரம்பு, நாரியிலிருந்து வந்து இடுப்பெலும்பின் முன்முனைக்கு அருகே ஓர் இறுகிய நார்ப்பட்டியின் கீழாகத் தொடைக்கு இறங்குகிறது. அங்கே அது நெரிபட்டால் இந்த வேதனை வரும். மெரால்ஜியா பரெஸ்தெற்றிக்கா என்பது இதன் பெயர். உளப்பகுப்பாய்வைத் தொடக்கிய சிக்மண்ட் பிராய்ட் தமக்கும் இது இருந்ததை 1895இல் எழுதியிருக்கிறார். அவரை யார் கள்ளம் என்றார்களோ!

கர்ப்பகால வயிறும் கூடிய உடல் நிறையும் நரம்பை நெரிக்கலாம். சேலை நழுவாதிருக்க இடுப்பெலும்பின்மேல் இறுக்கிக் கட்டும் உட்பாவாடை நாடாவும் நெரிக்கலாம். முதலில் அதைத் தளர்த்திப் பாருங்கள். கர்ப்பத்தில் வந்தது பெரும்பாலும் பிள்ளை பிறந்தபின் தணியும். நீரிழிவு உள்ளவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுவதால் இரத்தத்தில் சீனியையும் பார்ப்பது நல்லது.

மரத்த இடத்தில் கொதிக்கக் கொதிக்க ஒத்தணம் பிடிக்காதீர்கள். சூடு தெரியாமலே தோல் வெந்துவிடும்.

இந்த நரம்புக்கு உணர்வு மட்டுமே வேலை. காலின் பலத்தை அது குறைக்காது. கால் சோர்ந்தாலோ, சலம் போவதில் மாற்றம் கண்டாலோ, காரணம் வேறு. அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள்.