போட்டாச்சு!

மூல நிரல் கையில் இல்லாத பழைய மென்பொருளை ‘இது 2009’ என்று நம்பவைக்க முடியுமா என்று கேட்டு எழுதியிருக்கிறார் ஒரு வாசகர். லினக்ஸ் என்றால் பெரும்பாலும் முடியும். மென்பொருளில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம்.

மணி என்ன என்று நிரலுக்குத் தானாகத் தெரியாது; சி நூலகத்தைத்தான் கேட்கும். எந்தப் பெயருக்கு எந்த நூலகம் பதில் சொல்வது என்று பஞ்சாயத்துப் பண்ணி வைப்பது டைனமிக் லிங்கர். ஒரே பெயர் இரண்டு நூலகங்களில் இருந்தால், வரிசையில் முன்னால் நிற்பதற்கே அழைப்பு. எல்டி பிரீலோட் என்ற சூழல் மாறியில் நம் நூலகத்தை எழுதிவிட்டால் அது முந்திக்கொள்ளும். தேதியை மாற்றிச் சொல்லும் லிப்ஃபேக்டைம் செய்வது இதைத்தான்.

எனக்குப் பிடித்தது வேறொன்று: லிப்ஈட்மைடேட்டா. ‘என் தரவைத் தின்றுகொள்’ என்று பெயரிலேயே எச்சரிக்கை!

கோப்பில் எழுதியது உடனே வட்டுக்குப் போவதில்லை. அரை நிமிடம்கூட நினைவகத்தில் கிடக்கும். ‘போய்ச் சேர்ந்துவிட்டதா?’ என்று நின்று உறுதிசெய்யும் அழைப்பு எஃப்சிங்க். மெதுவானது. இந்த நூலகம் அதை இடைமறித்து, ஒன்றுமே செய்யாமல் ‘ஆயிற்று’ என்கிறது. சிறுவயதில் அம்மா கொடுக்கும் கடிதத்தைக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டே ‘போட்டாச்சும்மா’ என்று மைதானத்துக்கு ஓடுவேன். சாயங்காலம் போட்டுவிடுவேன்தான். ஒருமுறை கால்சட்டை துவைக்கப் போய்விட்டது.

சோதித்துவிட்டுத் தூக்கி எறியும் தரவுத்தளத்துக்கு இந்தப் பொய் அருமருந்து. வேகம் கூடுகிறதே என்று நிஜக் கணக்குகளுக்கே மாட்டிவிடுகிறவர்களை என்ன சொல்வது? மின்சாரம் போகிற நாளில் தெரியும். இதே வாசலில் திருடர்களும் வருவார்கள்: தங்கள் கோப்புகளை மட்டும் பட்டியலிலிருந்து மறைக்கும் ரூட்கிட்கள் உண்டு. அதனால்தான் சூடோ போன்ற, கூடுதல் அதிகாரத்தோடு ஓடும் நிரல்களுக்கு நம் வீட்டுக் கோப்பைக் காட்டிப் புகுத்தினால் லிங்கர் காதிலேயே வாங்காது.

வாசகர் முதலில் எல்டிடி கட்டளையை ஓட்டிப் பார்க்கட்டும். அது நூலகங்களைப் பட்டியலிட்டால் வழி உண்டு. நூலகத்தையும் தன்னுள்ளேயே சேர்த்துக் கட்டிய நிரல் என்றால், இடைமறிக்க அங்கே இடமே இல்லை. கணினியின் கடிகாரத்தையே திருப்பி வைக்க வேண்டியதுதான்.