தப்பிய ஒரு பைட்

மின் மீட்டர் ஒன்றில் 511 யூனிட் ஓடியிருப்பதாக வைத்துக்கொள்வோம். 512 ஆகும் நேரம் பார்த்து கரண்ட் போகிறது. திரும்பி வந்ததும் மீட்டர் காட்டுவது 767!

சூதில்லை. கணக்குதான் காரணம். மைக்ரோகன்ட்ரோலரின் நினைவகத்தில் ஒரு பைட்டில் 255 வரைதான் அடங்கும். பெரிய எண்ணை 256 ஆல் வகுத்து, ஈவையும் மீதியையும் தனித்தனி பைட்டில் வைக்க வேண்டும். 511 என்றால் 1, 255. 512 என்றால் 2, 0. முதல் பைட்டில் 2 எழுதியதும் மின்சாரம் நின்றால் மிஞ்சுவது 2, 255. அதாவது 767. வரிசை மாறியிருந்தால் 256. நஷ்டம் மின் வாரியத்துக்கு.

ஏட்மெகா 328பி சில்லின் ஈஈப்ராமில் ஒரு பைட் எழுத 3 மில்லி செகண்டுக்கு மேல் ஆகிறது. விபத்துக்கு அது போதும்.

மருந்து எளிது. பழைய எண்ணை அழிக்காமல் புதியதை வேறிடத்தில் எழுதி, செக்சம் சரியாக இருந்தால் மட்டுமே ஏற்பது. கூடுதல் செலவு நாலைந்து பைட். அதை மிச்சம் பிடித்தால், பில்லுடன் அலைய வேண்டியவர் நுகர்வோர்.