பாடவேளையைத் தின்னும் காத்திருப்பு: கணினி விரைவாகத் தொடங்க என்ன செய்யலாம்?

வெம்பக்கோட்டை அகழாய்வில் கிடைத்த சங்கு வளையல்களின் படங்களை மாணவர்களுக்குத் திரையில் காட்ட நினைக்கிறோம். மடிக்கணினி தயாராகவே 3 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு ஒருமுறை என்றாலும் 200 வேலைநாள்களில் 600 நிமிடம் போய்விடும். 40 நிமிடப் பாடவேளையாகக் கணக்கிட்டால் அது 15 பாடவேளை. இதில் பெரும்பகுதியை நாம் மீட்க முடியும்.

தாமதம் எங்கே?

கணினி தொடங்கும்போது இயங்குதளத்தின் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைச் சேமிப்பகத்திலிருந்து படிக்கிறது. தமிழ்நாடு அரசு 2011-இல் வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில், முதல் ஆண்டுகளில் வந்தவற்றில் இருப்பது வன்தட்டு. நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் வன்தட்டு, ஒரு சுற்றுக்குச் சுமார் 11 மில்லிநொடி எடுக்கும். தேவையான இடம் வாசிப்புமுனைக்கு அடியில் வரச் சராசரியாக அரைச்சுற்று ஆகும். முனை நகர்வதற்கும் ஏறக்குறைய 10 மில்லிநொடி வேண்டும். ஆக, ஒரு வாசிப்புக்குச் சுமார் 15 மில்லிநொடி. சிதறிக் கிடக்கும் 5,000 இடங்களைப் படிக்க 75 நொடி!

ஃபிளாஷ் நினைவகத்தில் சுழலும் பாகமே கிடையாது. ஜப்பானின் தோஷிபா நிறுவனப் பொறியாளர் ஃபுஜியோ மசுவோகா 1980-களில் உருவாக்கிய இது, நுண்ணிய அறைகளில் மின்னூட்டத்தை நிறுத்தித் தகவலைக் காக்கிறது. இதைக் கொண்டு செய்யப்படும் எஸ்.எஸ்.டி.யில் ஒரு வாசிப்புக்குச் சுமார் 0.1 மில்லிநொடி போதும். அதே 5,000 வாசிப்பு அரை நொடியில் முடியும். வன்பொருள் சோதனைக்கும் செயலியின் வேலைக்கும் ஆகும் நேரம் தனி. ஆகவே கணினி கண்ணிமைக்கும் நேரத்தில் தொடங்கிவிடாது. ஆனால் காத்திருப்பு வெகுவாகக் குறையும்.

என்ன செய்யலாம்?

1. முதலில் செலவில்லாத வழி. விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் ‘ஸ்டார்ட்அப்’ பகுதியைத் திறந்து, உடனே தேவைப்படாத செயலிகளை நிறுத்துங்கள். வைரஸ் தடுப்பு மென்பொருளை நிறுத்த வேண்டாம்.

2. பழைய மடிக்கணினிகள் பலவற்றில் 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. வன்தட்டு இருந்த இடத்திலேயே பொருந்தும். மாற்றும் முன் கோப்புகளை நகலெடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக் கணினி என்றால் தலைமையாசிரியரின் அனுமதி பெற்று, இருப்புப் பதிவேட்டில் குறித்த பிறகே திறக்க வேண்டும். கழற்றிய வன்தட்டில் மாணவர் விவரங்கள் இருக்கலாம், அதைப் பத்திரப்படுத்துங்கள்.

3. விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதி உண்டு. கணினியை அணைக்கும்போதே இயங்குதளத்தின் நிலையைச் சேமித்துவைத்து, அடுத்த தொடக்கத்தை இது விரைவாக்கும். ஆனால் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்துள்ள கணினியில் இதை அணைத்துவைப்பதே நல்லது. இல்லையெனில் லினக்ஸிலிருந்து விண்டோஸ் பகுதியில் கோப்புகளைச் சேமிக்க முடியாமல் போகலாம்.

4. எஸ்.எஸ்.டி.யை முழுவதும் நிரப்பாதீர்கள்; கொஞ்சம் இடம் காலியாக இருந்தால்தான் எழுதும் வேகம் குறையாது. வன்தட்டுக்குச் செய்யும் டிஃப்ராக் இதற்குத் தேவையில்லை. அது எழுதும் சுமையைக் கூட்டி ஆயுளைக் குறைக்கும்.

மாற்றத்துக்கு முன்னும் பின்னும் தொடங்கும் நேரத்தை மாணவர்களையே கடிகாரம் பார்த்துக் குறிக்கச் சொல்லுங்கள். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டுக்கு ஒரு சுற்று எத்தனை மில்லிநொடி என்றும் கேளுங்கள். அன்றைய கணக்கு வகுப்புக்கு அதுவே நல்ல தொடக்கம்.