தோலும் மண்ணும்: குரோமியம் செய்யும் வேலை

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்ததும் உழ்ஹிய்யாத் தோல்கள் வியாபாரியிடம் போய்விடும். அதன் பிறகு என்ன நடக்கிறது என்று நாம் கேட்பதில்லை. உலகில் பெரும்பாலான தோல் குரோமியம் உப்பில்தான் பதனிடப்படுகிறது. வழமையான முறையில் அந்த உப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தோலில் ஏறாமல் கழிவுநீரோடு வெளியேறுகிறது.

தமிழ்நாட்டின் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகியவை நம் சமூகத்தவர் பலர் தோல் தொழிலில் தலையெடுத்த ஊர்கள். அங்கே பாலாறும் வயலும் கிணறும் கெட்டன. இந்திய உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 இல், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. இராணிப்பேட்டையில் மூடப்பட்ட ஒரு குரோமேற்றுத் தொழிற்சாலை இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட கழிவை விட்டுச் சென்றது. தொழில் ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போட்டது உண்மைதான். ஆனால் கிணறு கெட்டவனும் பெரும்பாலும் அதே ஊர்க்காரன்தான்.

குரோமியத்துக்கு இரண்டு முகம். தோல் பதனிடும் +3 வடிவம் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், எளிதில் நகராது. +6 வடிவமான குரோமேற்றோ நீரில் கரைந்து ஓடும். அதன் அமைப்பு சல்பேற்றைப் போன்றது. எனவே பயிர் கந்தகம் என்று ஏமாந்து அதை வேரால் உறிஞ்சுகிறது. உள்ளே போனது வேரிலேயே பெரும்பாலும் தங்கி இழையங்களைச் சிதைக்கிறது. விதை முளைப்பது குறையும், வேர் குட்டையாகும், இளம் இலை மஞ்சளாகும், ஒளித்தொகுப்பு தளரும். விவசாயி இதைப் பசளைக் குறைபாடு என்று நினைத்து யூரியாவைக் கொட்டுவார்.

புல்மோட்டைக் கறுப்பு மணலைக் காட்டி, "சேர், இதுவா குரோமியம்?" என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. அது இல்மனைற்று, இரும்பும் தைத்தேனியமும் சேர்ந்தது. கொக்கிளாயில் எனக்குள்ள கவலை வேறு. இலைமக்கு போன்ற சேதனப் பொருள் குரோமேற்றை +3 ஆக மாற்றி அடக்கிவிடும். களப்போரத்து மணலில் அது குறைவு. விழுந்தது கிணற்று நீருக்கு விரைவாக இறங்கும்.

வளவில் குப்பை எரிக்கையில் பழைய தோற் சப்பாத்தும் பையும் சேர்ந்தே எரிகின்றன. காற்றும் காரச் சாம்பலும் சூடும் கூடினால் தோலிலுள்ள +3 குரோமியத்தின் ஒரு பகுதி +6 ஆக மாறலாம். அந்தச் சாம்பலைத்தான் மிளகாய்க்கும் முருங்கைக்கும் போடுகிறோம். தோலைத் தனியே ஒதுக்கி வையுங்கள். அடுப்புச் சாம்பலை மட்டும் செடிக்குப் போடுங்கள். மணல் தோட்டத்துக்கு மாட்டெருவும் இலைதழையும் தாராளமாகச் சேருங்கள்.